தோட்டத்து எருவுக்கு ஒரு விலை

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில், லயங்களின் பின்புறத்துச் சரிவிலே, மரக்கம்பும் பழைய தகரமும் கொண்டு கட்டிய சிறிய மாட்டுக் கொட்டில்கள் ஆங்காங்கே நிற்பதை, பண்டாரவளையிலிருந்து பசறை வரையிலும், அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லை வரையிலும் பிரயாணம் செய்தவர் எவரும் கண்டிருப்பர். அக்கொட்டில்களிலிருந்து நாள்தோறும் வாரி எறியப்படும் சாணம் கீழ்ப்புறத்துப் பள்ளத்திலே குவிந்து, வடகீழ்ப் பருவக்காற்று கொண்டுவரும் பெருமழையிலே கரைந்து, கான்களின் வழியே ஓடைக்கும், ஓடையின் வழியே பதுளு ஓயாவுக்கும் உமா ஓயாவுக்கும் போய்ச் சேருகிறது. அதே மலையில், அக்கொட்டிலுக்குச் சமீபத்திலேயே, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கொழுந்து கொடுத்துக் கொடுத்து இளைத்துப்போன மண்ணிலே நிற்கும் தேயிலைச் செடிக்கு, கப்பலேறி வந்த பசளையை மூட்டை மூட்டையாகச் சுமந்து சென்று தூவுகிறோம். ஒன்று வீணாகிக்கொண்டும் மற்றொன்று பசித்துக்கொண்டும் ஒரே தோட்டத்தின் எல்லைக்குள் இருக்க, இவ்விரண்டையும் இணைக்கும் முறையான ஏற்பாடு நமது தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இல்லை என்பது வருந்தத்தக்கது. அவ்வேற்பாட்டின் முதற்படி, மாடு வளர்க்கும் தொழிலாளியிடமிருந்து எருவை நிறுத்து, உரிய விலை கொடுத்துத் தோட்ட நிருவாகமே வாங்குவதுதான் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

சாணத்தின் மகிமையை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதன் பலவீனத்தையே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நடுத்தரமான ஒரு கறவைப் பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கிலோ சாணமிடும் என்று கொண்டால், ஆண்டொன்றுக்கு அது ஐந்து தொன்னைத் தாண்டிவிடுகிறது. கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் பச்சைச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் நீர். பயிருக்கு முதன்மையாக வேண்டிய நைதரசன் அதிலே நூற்றுக்கு அரைப் பங்கு அளவே இருக்கிறது. அன்றியும், பசுவின் உடலிலிருந்து கழியும் நைதரசனில் ஏறக்குறையப் பாதி சாணத்தில் இல்லை. அது மூத்திரத்தோடு கழிந்து, கொட்டிலின் மண்தரையில் ஊறியோ, அமோனியாவாக மாறிக் காற்றில் கலந்தோ நமது கைக்கு எட்டாமற் போய்விடுகிறது. மாட்டுக் கொட்டிலுக்குள் நுழைந்தவுடன் மூக்கில் ஏறும் அந்தக் கடுமையான நெடி, பசளையானது காற்றிலே கரைந்து போகும் நெடியே. எஞ்சிய சாணமும் வெயிலில் கிடந்து உலர்ந்தால் ஒரு பகுதியையும், மழையில் கிடந்து ஊறினால் பெரும்பகுதியையும் இழந்துவிடும். ஆகவே, ஒரு தோட்டத்தில் எத்தனை மாடுகள் உள்ளன என்பதைக் கொண்டு அத்தோட்டத்தின் எருச் செல்வத்தைக் கணிப்பது பிழை. எத்தனை கொட்டில்களுக்கு நல்ல கூரை இருக்கிறது, எத்தனை கொட்டில்களின் தரை மூத்திரத்தை ஒரு மூலைக்கு வழிந்தோடச் செய்யும்படி அமைந்திருக்கிறது, எத்தனை கொட்டில்களில் மாட்டின் காலடியிலே புல்லும் சருகும் பரப்பப்படுகின்றன என்பவற்றைக் கொண்டே அதனைக் கணிக்க வேண்டும்.

காலடியிலே பரப்பும் அந்தப் புல்லுக்கு இரண்டு தொழில்கள் உண்டு. மூத்திரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வது ஒன்று. பின்னர் குவியலிலே சாணத்தோடு கூடி அதனை மக்கச் செய்வது மற்றொன்று. சாணத்தில் நைதரசன் மிகுதி, காய்ந்த புல்லில் கரிமம் மிகுதி. கரிமம் இருபத்தைந்து முப்பது பங்குக்கு நைதரசன் ஒரு பங்கு என்ற அளவில் இவ்விரண்டும் கலந்து, பிழிந்தால் நீர் சொட்டாத ஆனால் கைக்கு ஈரம் தெரிகின்ற பதத்தில் குவிக்கப்பட்டால், கண்ணுக்குப் புலப்படாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதற்குள் வேலை செய்யத் தொடங்கி, சில நாட்களுக்குள் குவியலின் உட்சூடு 55 பாகை முதல் 65 பாகை வரை ஏறிவிடும். அந்தச் சூட்டிலேதான் களை விதைகள் முளைக்கும் சக்தியை இழக்கின்றன. மனிதருக்கு வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும் கிருமிகளும் மடிகின்றன. காற்றுப் புகும்படி இரண்டு மூன்று தடவை புரட்டிவிட்டால், மூன்று மாதத்தில் சாண நாற்றம் அடியோடு நீங்கி, காட்டுமண் வாசனை வீசும் கருநிறக் கூட்டெரு கிடைக்கும். ஊவாவில் இதற்குத் தேவையான புல்லுக்கோ இலைக்கோ பஞ்சமில்லை. மானாப்புல்லும், மண்ணைத் திருத்துவதற்காக நடப்படும் குவாத்தமாலாப் புல்லும், கிளிரிசீடியாத் தழையும், பாதையோரத்துக் களைகளும் தாராளமாக உண்டு. கவ்வாத்துக் குச்சியையும் இலையையும் மாத்திரம் இதற்கென்று மலையிலிருந்து எடுத்து வந்துவிடலாகாது. அவை அந்த மண்ணிலிருந்தே ஏறியவையாதலால், விழுந்த இடத்திலேயே கிடந்து மக்குவதுதான் முறை.

தேயிலையின் சுபாவத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். அது புளிப்பு மண்ணை விரும்பும் பயிர்; மண்ணின் அமிலகாரக் குறியீடு 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்கும்போதே செழிக்கும். நன்கு மக்கிய எரு அத்தன்மையிலிருந்து விலகி நடுநிலையை ஒட்டியே நிற்பது வழக்கம். எனவே அடுப்புச் சாம்பலையும் சுண்ணாம்பையும் கணக்கின்றி அதிற் கொட்டி, அக்குவியலை ஆண்டுதோறும் ஒரே மலையில் போட்டுக்கொண்டிருந்தால் நன்மைக்குப் பதிலாகத் தீமை விளையக்கூடும். பச்சைச் சாணத்தைச் செடியின் தூரில் கொட்டுவதோ அதனினும் கெடுதல், வேர் வெந்துபோகும். இவையெல்லாம் அனுபவமுள்ள தோட்டத்து மக்கள் அறியாதவையல்ல. லயத்து வாசலில் அவர்கள் போட்டிருக்கும் மரக்கறிப் பாத்திகளைப் பார்த்தாலே, எருவின் பதம் அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது விளங்கிவிடும்.

இந்த ஞானம் இம்மலைகளுக்கும் புதியதன்று. தேயிலை வருமுன்னே கோப்பி செழித்த காலத்தில், பல தோட்டங்களில் எருவுக்கென்றே மாட்டுப்பட்டிகள் வைத்திருந்தனர். பத்தனா என்று வழங்கும் புல்வெளிகளிலே மேய்ந்து வந்த மாடுகளை இரவில் பட்டியிலடைத்து, காலடியிலே மானாப்புல்லைப் பரப்பி, மிதிபட்டு ஊறிய அந்தப் படுக்கையையே வாரிக் கோப்பிக்கு இட்டனர். 1870ஆம் ஆண்டில் லண்டனில் வெளியான சபொனாடியரின் இலங்கைக் கோப்பிப் பயிர்ச்செய்கை நூலும் எருவிடுதலை ஒரு பிரதான விஷயமாகவே எடுத்துப் பேசுகிறது. 1869இல் நமது மடுல்சீமையிலே முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய், இரண்டு பத்தாண்டுகளுக்குள் கோப்பிப் பயிரை வீழ்த்திவிட்டது. அதன் இடத்தில் தேயிலை ஏறியது. கோப்பியில் நாம் எடுப்பது பழத்தை. தேயிலையில் எடுப்பதோ நைதரசன் மிகுந்த இளங்கொழுந்தையே. ஆகவே தேயிலைக்கு நைதரசன் பசி பெரிது. அப்பசியைச் சாக்கில் வந்த அமோனியம் சல்பேற்று எளிதாகத் தீர்த்தது. ஐரோப்பாவில் 1840இல் லீபிக் எழுதிய தாவரப் போஷணைச் சாஸ்திரமும், 1909இல் ஹாபர் காற்றிலுள்ள நைதரசனை அமோனியாவாக்கிக் காட்டிய முறையும் நமது மலைகளுக்கு இந்த உருவத்திலேதான் வந்து சேர்ந்தன. மாட்டுப்பட்டி சுருங்கி, துரை பங்களாவுக்குப் பால் கறக்கும் அளவுக்கு வந்து நின்றது.

அக்காலத்திலும் மாற்றுக் குரல் எழாமல் இல்லை. இந்தூரிலே 1924 முதல் 1931 வரை ஆராய்ச்சி நடத்தி, இந்தியக் குடியானவனின் பழைய எருக்குழியையே சாஸ்திர முறைப்படி ஒழுங்குசெய்து இந்தூர் முறை என்று உலகத்துக்கு அளித்த அல்பர்ட் ஹவார்ட், 1937-38இல் இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். அவ்வனுபவங்களை 1940இல் வெளியான தமது நூலிலும் எழுதினார். 1930களில் மூணாற்றுத் தேயிலை மலைகளில் ஹார்லர் என்ற விஞ்ஞானி அம்முறையைப் பரீட்சித்துப் பார்த்ததை அந்நூல் சிறப்பித்துக் கூறுகிறது. அந்த மலைகளில் கூட்டெரு குவித்துப் புரட்டிய கைகளும் நம்மைப் போன்ற தமிழ்த் தொழிலாளரின் கைகளே என்பதை நினைக்கும்போது, இத்தொழிலின் சரித்திரத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டென்ற எண்ணம் எழுகிறது.

கோப்பிக் காலத்து எருவுக்கும் இன்றைய எருவுக்கும் இடையில் நேர்ந்துள்ள ஒரு மாற்றத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அன்று மாடு தோட்டத்தின் சொத்து. எருவும் தோட்டத்தின் சொத்து. மாட்டுக்காரருக்குக் கொடுத்த சம்பளத்தோடு கணக்கு முடிந்தது. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குச் சென்று, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பரிபாலனத்துக்கு மாறியுள்ள இன்றைக்கு, லயத்தின் பின்னே நிற்கும் பசு தொழிலாளியின் சொத்து. அவர் கடன்பட்டோ, சீட்டுக் கட்டியோ, வாரத்துக்குக் கன்று வளர்த்தோ அதனைச் சம்பாதித்தார். பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்து, மாலையில் தலையிலே புல்லுக்கட்டோடு இறங்கி வரும் பெண்ணே பெரும்பாலும் அதற்குத் தீனி வைக்கிறார்; விடியுமுன் எழுந்து சாணம் வாருவதும் அவரே. ஆகவே தேயிலைக்குச் சேதனப் பசளை வேண்டுமென்று எவர் பேசினாலும், அந்தச் சேதனம் யாருடைய பிரயாசையால் விளைந்தது என்ற கேள்வியிலிருந்தே பேச்சைத் தொடங்க வேண்டும்.

இந்தக் கேள்வியை எழுப்பாமலே ஒரு தேசம் முழுவதையும் ஒரே நாளில் சேதன விவசாயத்துக்குத் திருப்பிவிட முனைந்ததன் பலனை நாம் 2021இல் பிரத்தியட்சமாகக் கண்டோம். அவ்வாண்டு ஏப்ரலில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தப் போவதாக அறிவித்து, மே மாதத்தில் வர்த்தமானி மூலம் தடையையும் கொண்டுவந்து, அறுவடைகள் விழத் தொடங்கியபின் நவம்பரில் அதனை நீக்கிற்று. 2021இல் சுமார் 29 கோடியே 90 இலட்சம் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடியே 10 இலட்சம் கிலோவாகச் சரிந்தது. எரிபொருள் தட்டுப்பாடும் பசளை விலை ஏற்றமும் அந்தச் சரிவில் பங்கெடுத்தன என்பது உண்மையே. ஆயினும் பசளையின்றி நின்ற மாதங்களின் தழும்பு தேயிலைச் செடியில் நெடுநாள் இருந்தது. கொழுந்து குறைந்த நாட்களில் நிர்ணயித்த கிலோவை எட்ட முடியாமல் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், வாங்கிய குடும்பங்களை எந்தப் புள்ளிவிவரமும் முழுவதாகக் காட்டாது. அதே ஆண்டில், சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையிலே பயிருக்குத் தீங்கு விளைக்கும் பற்றீரியா இருப்பதாக நமது அதிகாரிகள் கண்டு அதனைத் துறைமுகத்துக்குள் அனுமதியாது விட்டதும், பின்னர் 2022 ஜனவரியில் அதற்காக 67 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்ததும் எல்லோரும் அறிந்த செய்தி. இலங்கை மண்ணில் இறங்காத எருவுக்கு அந்நியச் செலாவணி கொடுத்த அதே மாதங்களில், நமது லயத்துக் கொட்டில்களின் எரு எவருடைய கணக்கிலும் ஏறாமல் மழையோடு போய்க்கொண்டிருந்தது.

அத்தடையை வகுத்தவர்களின் நோக்கத்தை நான் பழிக்கவில்லை. எருவென்பது ஆணையிட்டவுடன் தோன்றும் வஸ்துவன்று என்பதை அவர்கள் மறந்தனர். அதற்குக் கூரை வேண்டும், புல் வேண்டும், மூன்று மாதம் வேண்டும், புரட்டும் கைகளுக்குக் கூலி வேண்டும். இவை இல்லாத இடத்தில் இரசாயனப் பசளையை நிறுத்தினால் பட்டினிதான் மிஞ்சும். தடையின் தோல்வியைக் கண்டவர்களோ, அதன் மறுபக்கத்திற்குச் சென்று, எருவைப் பற்றிய பேச்சே வேண்டாமென்று வெறுத்து ஒதுக்கிவிட்டனர். இந்த வெறுப்பினால் வந்த நஷ்டமும் சிறியதன்று.

எரு எவ்வளவு செய்யும், எவ்வளவு செய்யாது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம். ஆயிரம் கிலோ தேயிலைத்தூள் ஆக்குவதற்குப் பறிக்கும் கொழுந்தோடு சுமார் 40 கிலோ நைதரசன் மலையை விட்டு நீங்குகிறது. ஒரு பசுவின் ஆண்டுச் சாணத்தில் இருப்பது 27 கிலோ அளவு. மூத்திரத்திலும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டையும் சிரத்தையோடு சேர்த்து, கூரையின் கீழ் மக்கச் செய்து, தவிர்க்க முடியாத இழப்பையும் கழித்தால், 25 முதல் 30 கிலோ வரை கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் ஒரு பங்குதான் முதலாண்டில் செடிக்குக் கிடைக்கும்; மிகுதி வரும் ஆண்டுகளில் மெல்ல மெல்லக் கிடைக்கும். நூறு மாடுகள் உள்ள ஒரு தோட்டத்தில், ஏறத்தாழ ஐந்தரை முதல் ஆறரைத் தொன் யூரியாவில் அடங்கிய நைதரசனுக்கு நிகரானது ஆண்டுதோறும் உற்பத்தியாகக்கூடும். சில நூறு ஹெக்டேயர் தேயிலையை அது மாத்திரம் போஷிக்க மாட்டாது. யூரியா மூட்டையை எருவினால் முற்றாக விலக்கிவிடலாம் என்று எவரேனும் தோட்டத் தொழிலாளிக்கு வாக்களித்தால், அந்த வாக்கை நம்பலாகாது.

ஆனால் நைதரசனை மாத்திரம் கொண்டு எருவை அளப்பதும் நியாயமன்று. யூரியா மண்ணுக்கு நைதரசனைக் கொடுக்கும், மண்ணைக் கொடுக்காது. ஊவாவின் மலைகளில் மேல்மண் எத்தனை அங்குலம் கழுவுண்டு போயிற்று என்பதைக் கான் வெட்டும் தொழிலாளியைக் கேட்டால் அவர் மண்வெட்டியைக் கொண்டே காட்டிவிடுவார். உமா ஓயா சுமந்து செல்லும் வண்டல் ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் படிந்து வருவது எஞ்சினியர்களின் நெடுநாள் கவலை. மக்கிய எரு சேர்ந்த மண் மழைநீரை ஓடவிடாது உறிஞ்சிக்கொள்கிறது; பின்னர் ஜூன் முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று மலையை உலர்த்தும்போது அந்த ஈரத்தைச் செடிக்குக் கொடுக்கிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயரும் விலையும் தேடித் தந்த மணம் பிறப்பது அந்த உலர்காற்று மாதங்களிலேதான். அதே மாதங்களிலேதான் வேரூன்ற மண்ணில்லாத செடிகள் கருகிச் செத்து, மலையிலே வெற்றிடங்கள் பெருகுகின்றன. எனவே கிடைக்கும் எருவைத் தோட்டமெங்கும் ஒரு பிடி ஒரு பிடியாகத் தூவி வீணாக்காமல், தவறணைக் கன்றுகளுக்கும், வெற்றிடங்களில் நடும் இளஞ்செடிகளின் குழிகளுக்கும், கவ்வாத்து முடிந்து முள்ளுக்குத்திய மலைகளுக்கும், மண் வெளிறிக் கல் தெரியும் சரிவுகளுக்கும் இடுவதே விவேகம். ஒக்டோபர் மழையில் மண் நனைந்தபின், பெருமழை பிடிப்பதற்குமுன் இட்டு மண்ணோடு கலந்துவிட்டால், அது கானோடு போகாது.

இனிச் சுமையின் கேள்வி. ஐம்பது கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதே 23 கிலோவை ஈரம் உள்ள கூட்டெருவாகக் கொண்டுசெல்ல வேண்டுமானால் மூன்று தொன் சுமக்க வேண்டியிருக்கும். செங்குத்தான மலையில் மூன்று தொன்னைச் சுமப்பவர் யார்? சேதனப் பசளையைப் பற்றிக் கொழும்பில் நடக்கும் கூட்டங்களில் இக்கேள்வி எழுவதே இல்லை. இதற்கு விடை, எருவைத் தொலைவிலிருந்து கொண்டுவராமல் இருப்பதும், சுமப்பதைத் தனி வேலையாகக் கணக்கிட்டுக் கொந்தரப்புக் கொடுப்பதுமாகும். லயங்கள் ஒவ்வொரு டிவிசனிலும் பரந்து கிடப்பது இவ்விஷயத்தில் நமக்கு அனுகூலம். கவ்வாத்து மலையின் மேற்புற ஓரத்தில், லொறியோ டிராக்டரோ போகும் பாதையருகே குவியலைப் போட்டுவிட்டால், எஞ்சிய சுமை இறக்கத்திலேயே அமையும்.

தோட்ட அதிகாரிகளில் சிலர் வேறு ஆட்சேபங்களை எழுப்புவர். மாடுகள் தேயிலைக்குள் இறங்கிக் கான்களை மிதித்து உடைக்கின்றன என்பர். புல் வெட்டுவதென்று சொல்லி மண்ணைக் காக்க நட்ட புல்லையும் வெட்டிவிடுகின்றனர் என்பர். எல்லாக் கொட்டிலின் எருவும் ஒரே தரத்தில் இராது என்பர். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் மாட்டைக் கட்டி வளர்ப்பதற்கு இடமும், புல் நடுவதற்குத் துண்டு நிலமும் கொடாமல், மாடு அவிழ்ந்து திரிகிறதென்று குறை கூறுவது நீதியாகுமா? லயத்துக் கொட்டில் இருக்கும் நிலம் தோட்டத்தின் நிலம். அதற்கு ஒரு நல்ல கூரை போடவோ சீமெந்துத் தரை இழுக்கவோ தொழிலாளிக்கு உரிமையும் இல்லை, நாளைக்கும் அது தமதாக இருக்குமென்ற உறுதியும் இல்லை. ஏழு பேர்ச் வீட்டுக் காணி கிடைத்த குடும்பங்களுக்குக்கூட அந்த ஏழு பேர்ச்சில் வீடு போக மாட்டுக்கு எஞ்சுவது சொற்பம். தரிசாகக் கிடக்கும் தோட்டத்து நிலத்தில், லயங்களுக்கும் பீலிகளுக்கும் எட்டக் கீழே, மண்சரிவு அபாயமில்லாத இடமாகப் பார்த்துப் பொதுக் கொட்டில்களையும் புல் நிலத்தையும் எழுத்து மூலமான உரிமையோடு கொடுத்தால், மேற்சொன்ன ஆட்சேபங்களில் முதலிரண்டும் அன்றைக்கே தீர்ந்துவிடும். குடிநீர்ப் பீலிக்கு மேலே சாணக்குழி இருக்கும் இன்றைய நிலை, பசளை நஷ்டத்தைக் காட்டிலும் பெரிய ஆபத்து என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த நீரைக் குடிப்பவை நமது குழந்தைகள்.

தரத்தைப் பற்றிய ஆட்சேபத்துக்கு விடை கொழுந்து மடுவத்திலேயே இருக்கிறது. ஒவ்வொருவரும் பறித்த கொழுந்தை நிறுத்து, முற்றல் இலையைக் கழித்து, பேரேட்டில் பதியும் ஸ்தாபனம் ஒன்று நூறு ஆண்டுக்கு மேலாகத் தோட்டங்களில் நடந்து வருகிறது. பால் சேகரிக்க வருகிறவர்களும் அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்கேற்பவே பணம் கொடுக்கின்றனர். எருவை மாத்திரம் நிறுக்கவும் சோதிக்கவும் முடியாதென்பது பொருந்தாது. ஈரம் எவ்வளவு, கல்லும் மண்ணும் கலந்திருக்கிறதா, சூடு தணிந்து மக்கிவிட்டதா என்பவற்றைக் கையால் பிடித்துப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். மிகுதியை ஆய்வுகூடத்தில் பார்க்கலாம். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவாக் கிளை பசறையிலேயே இருக்கிறது. கால்நடை விஞ்ஞானத்தையும் ஏற்றுமதி விவசாயத்தையும் போதிக்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. ஒரு தோட்டத்தின் ஒரு டிவிசனை எடுத்துக்கொண்டு, எந்த மலைக்கு எவ்வளவு எரு இட்டால் எவ்வளவு யூரியாவைக் குறைக்கலாம் என்பதை இவ்விரு ஸ்தாபனங்களும் சேர்ந்து ஒரு கவ்வாத்துக் காலம் முழுவதும் பரீட்சித்துச் சொல்ல முன்வர வேண்டும். கம்பனிகள் கேட்டால்தான் செய்வோமென்று அவை காத்திருக்கத் தேவையில்லை.

முற்றிலும் சேதன முறையிலேயே தேயிலை பயிரிட முடியுமா என்றால், முடியும் என்பதற்கும் ஊவாவிலேயே சாட்சி உண்டு. அப்புத்தளையை அடுத்த இதல்கஸ்ஹின்னவிலே 1980களின் பிற்பகுதியிலிருந்து சேதனத் தேயிலை விளைவிக்கப்பட்டு, அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. அங்கே கொழுந்தின் அளவு குறைந்தாலும், சேதனத் தேயிலையைத் தேடி வாங்கும் சந்தை கூடுதலான விலை கொடுத்து ஈடுசெய்கிறது. அந்தச் சந்தை எல்லையற்றதன்று. எல்லாத் தோட்டங்களும் அவ்வழியே சென்றால் அந்த விலையும் நிற்காது. ஆகவே அதனை முன்மாதிரியாகக் காட்டி அனைவரையும் அதற்குள் தள்ளுவதற்கு நான் உடன்படமாட்டேன். ஆனால் கூட்டெருவைத் தயாரிப்பதையும், குவிப்பதையும், மலைக்குக் கொண்டுபோவதையும் ஒரு தோட்டத்தின் அன்றாட வேலைகளில் ஒன்றாக ஒழுங்கு செய்ய முடியும் என்பதை அது சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டியிருக்கிறது.

வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கு, மரக்கறித் தோட்டங்களில் நிலைமை நேர்மாறானது. அங்கே எரு குறைவு என்பதற்கில்லை. வடமேல் மாகாணம் போன்ற தொலைவிடங்களின் பண்ணைகளிலிருந்து லொறி லொறியாக வரும் கோழியெருவைப் பலர் மக்கவிடாமலே, யூரியாவுக்கு மேலதிகமாக, பாத்தியில் கொட்டுகின்றனர். அவ்வாறு இட்ட நிலங்களில் பொசுபரசு தேவைக்கு மிஞ்சித் தேங்கி, மழையோடு ஆற்றில் இறங்குகிறது. ஒரு மலையில் எரு இல்லாமலும், அடுத்த பள்ளத்தாக்கில் எரு மிஞ்சியும் நிலம் கெடுகிறது.

சாணத்திலிருந்து எரிவாயு எடுக்கும் கலனையும் சொல்லாமல் விடலாகாது. சுமார் 25 கிலோ சாணத்திலிருந்து ஒரு கனமீற்றர் வாயு கிடைக்கும்; இரண்டு மாடுகள் உள்ள குடும்பத்துக்கு அடுப்பு விறகில் கணிசமான பகுதியை அது மீதப்படுத்தும். வாயு போனபின் கலனிலிருந்து வெளியேறும் குழம்பிலும் நைதரசன் குறையாமல் இருக்கிறது. அப்புத்தளை போன்ற குளிர்ந்த உயரங்களில் வாயு குறைவாகவே பிறக்கும் என்பதால், பதுளை, பசறைப் பக்கத்துத் தாழ்ந்த தோட்டங்களே இதற்கு முதலில் பொருத்தமானவை.

கடைசியில் விலைக்கே வர வேண்டும். எருவுக்கு விலை நிர்ணயிப்பது கடினமான காரியமன்று. அதிலுள்ள நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் ஆகியவற்றைச் சாக்குப் பசளையாக வாங்கினால் கம்பனி என்ன கொடுக்குமோ, அதனைக் குறைந்தபட்ச விலையாகக் கொண்டு, மண்ணை வளர்க்கும் சேதனத்துக்காக அதன்மேல் ஒரு தொகையைச் சேர்க்கலாம். மாகாணத்தின் கால்நடைத் திணைக்களமும், தொழிற்சங்கங்களும், கம்பனிகளும் கூடி ஆண்டுக்கொரு முறை அதனைப் பேசி முடிக்கலாம். சம்பளப் பேச்சுவார்த்தைகளில் ஒரு ரூபாவுக்கும் இரண்டு ரூபாவுக்கும் மாதக்கணக்காக வாதாடும் சங்கங்கள், தமது அங்கத்தவர்களின் கொட்டிலிலிருந்து நாள்தோறும் மழையில் போகும் இந்தச் செல்வத்தையும் பேச்சு மேசைக்குக் கொண்டுவர வேண்டும். கொட்டிலுக்குக் கூரையும் தரையும் போடும் செலவைக் கம்பனி முன்கூட்டியே கொடுத்து, எருவின் விலையிலிருந்து சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தக் கழிவு ஒருபோதும் நாட்சம்பளத்தில் கை வைக்கலாகாது. எருவைக் குவிப்பதும் புரட்டுவதும் மலைக்குச் சுமப்பதும் வேலை. அதற்கும் பேர் போட வேண்டும். எருவின் பணமோ, குடும்பத் தலைவரென்று எவர் பெயர் பதிவேட்டில் இருந்தாலும், புல் வெட்டிச் சாணம் வாருகிற பெண்ணின் சொந்தப் பெயரில், மாதந்தோறும், நிறையும் விலையும் எழுதிய சீட்டோடு அவர் கையில் சேர வேண்டும்.